நூலிழைத் தோல்விக்குப் பேரேடு எழுதுவது எப்படி

காற்பந்தில் 4-0 என்று தோற்ற அணியின் ரசிகர்களுக்கு இது உதவாது. அப்படித் தோற்றால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். தூக்கம் தானாக வரும். ஒரே ஒரு கோலில், அதுவும் ஆட்டம் முடிகிற நேரத்தில் தோற்பதும் பெனால்டியில் தோற்பதும் வேறு வகை. பல்லிடுக்கில் சிக்கிய மாம்பழ நார் மாதிரி. நாக்கு அங்கேதான் போய்க்கொண்டிருக்கும்.

நான் காரைக்குடியில் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். நெதர்லாந்து அணியின் ரசிகன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்ததால்தான் கீழே சொல்லும் முறை பிறந்தது. வேறு அணிக்காரர்களுக்கும் இது செல்லும். ஆனால் எங்களைப் போல் இத்தனை முறை பயிற்சி கிடைத்திருக்காது.

1998 ஜூலை 4, சனிக்கிழமை இரவு பத்து மணி வாக்கில், செக்காலையில் ஒரு டீக்கடைத் தொலைக்காட்சியில் நெதர்லாந்தும் அர்ஜெண்டினாவும் மோதிய உலகக் கோப்பைக் காலிறுதி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயது 22. டீ குடிக்கத்தான் நின்றேன். ஃபிராங்க் டி போர் தன் பாதி மைதானத்திலிருந்து ஒரு நீளப் பந்தைத் தூக்கிப் போட்டார். பெர்காம்ப் அதை வானத்திலிருந்து பறித்துக் காலடியில் வைத்தார். அடுத்த தொடுதலில் அர்ஜெண்டினாவின் அயாலாவைத் தாண்டினார். மூன்றாவது தொடுதல் கோல். 2-1. டீ ஆறிப்போனது. மூன்று நாள் கழித்து அரையிறுதியில் பிரேசிலிடம் பெனால்டியில் தோற்றார்கள். அதற்குள் பற்று வைத்தாகிவிட்டது. தமிழில் பற்று என்றால் பாசம். கணக்கில் பற்று என்றால் நம் தலையில் எழுதப்படும் கடன். ஐயா இருந்திருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்றிருப்பார்.

ஐயா என்று நான் சொல்வது அப்பச்சியின், அதாவது என் தகப்பனாரின், அப்பாவை. பர்மாவில், மோல்மேனில், ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். யுத்தம் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்பியவர். பேரேடு எழுத எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அவர் காற்பந்து பார்த்ததே இல்லை. இந்த முறையின் விதிகள் எல்லாம் அவருடையவை.

அன்று இரவு

2024 ஜூலை 11 அதிகாலையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். டார்ட்மண்டில் யூரோ, அதாவது ஐரோப்பியக் கோப்பை, அரையிறுதி. எதிரில் இங்கிலாந்து. நம் நேரத்துக்கு 12:30 மணிக்குத் தொடங்கிய ஆட்டம். 90 நிமிடம் ஆனபோது 1-1. எப்படியும் கூடுதல் நேரம்தான் என்று காபி போட எழுந்தேன். மேசையில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. சென்னையிலிருந்து மாப்பிள்ளை. பிறந்தது தேவகோட்டை, காற்பந்தில் மட்டும் இங்கிலாந்துக்காரர். "மன்னிக்க வேண்டும் மாமா" என்று ஒரே வரி.

திரையில் அப்போது எந்த ஆபத்தும் இல்லை. எங்கள் வீட்டுக்கு இணையம் வழியாக வரும் படம் அரை நிமிடம் பிந்தி வரும். ஆகவே இங்கிலாந்தின் பால்மர் பந்தைத் தள்ளியதையும், வாட்கின்ஸ் எங்கள் டி வ்ரையை முதுகில் வைத்துக்கொண்டே திரும்பி மூலைக்கு அடித்ததையும் முடிவு தெரிந்த பிறகுதான் பார்த்தேன். சாவோலையைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆகவே முதல் வேலை: 80ஆவது நிமிடத்தில் கைப்பேசியை அணைத்து, எழுந்து போய் எடுக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். நான் இப்போது அரிசிப் பானைக்குள் வைக்கிறேன்.

இரண்டாவது, ஆட்டம் முடிந்ததும் தரையில் படுங்கள். எங்களுடையது கோட்டையூரில் பங்காளிகளோடு சேர்ந்த பழைய வீடு. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. ஆனி மாதப் புழுக்கத்திலும் அந்தக் கல் முதுகில் ஒட்டிக் குளிரும். மேலே முற்றத்துச் சதுரத்தில் வானம் தெரியும். ஒரு கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் படுத்தால் மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். மொசைக் தரை வைத்திருப்பவர்களும் முயலலாம். கட்டில் மட்டும் கூடாது. கட்டிலில் படுத்தால் புரளத் தோன்றும், புரண்டால் நினைவு ஓடும்.

இந்த நேரத்தில் வீட்டார் எழுந்து வந்தால் சுருக்கமாகப் பேசுங்கள். எங்கள் வீட்டில் 24 ஆண்டுகளாக இந்த உரையாடல் மாறவில்லை.

"முடிந்ததா?"

"முடிந்தது."

"எப்போதும் போலவா?"

"எப்போதும் போலத்தான்."

என் மனைவி பள்ளத்தூர்க்காரி. அதற்கு மேல் ஒரு சொல் கேட்க மாட்டாள். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். படுக்கப் போகும் முன் சிட்டை எழுதுங்கள். சிட்டை என்றால் அன்றாடக் குறிப்பு. கடையில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் போவது. வகை பிரிப்பதெல்லாம் பிறகு, பேரேட்டில். "அன்றன்று சிட்டை எழுதாதவன் பொய்க் கணக்கு எழுதுவான்" என்பார் ஐயா. திருட வேண்டும் என்று எண்ணம் இல்லாதவனும் எழுதுவானாம். மூன்று நாள் போனால் மனம் தனக்கு வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை விட்டுவிடும்.

நாற்பது பக்க நோட்டு போதும். தலைப்பில் பிள்ளையார் சுழி. கீழே நிமிடமும் நிகழ்ச்சியும் மட்டும். அன்று நான் எழுதியது இவ்வளவுதான் (சிமன்ஸ், டம்ஃபிரீஸ், டிபாய், வான் டைக் எங்கள் ஆட்கள்; மற்றவர்கள் இங்கிலாந்துக்காரர்கள்):

7 – சிமன்ஸ், ரைஸிடம் பந்தைப் பறித்து வெளியிலிருந்து அடித்தார். கோல்.
18 – கேன், பெனால்டி. கோல். டம்ஃபிரீஸின் கால் பட்டது.
23 – ஃபோடன் அடித்தது. கோட்டின் மேல் டம்ஃபிரீஸ் தடுத்தார்.
30 – டம்ஃபிரீஸ் தலையால் முட்டியது. மேல் கம்பம்.
32 – ஃபோடன். பக்கக் கம்பம்.
35 – டிபாய் காயம். வெளியே.
65 – வான் டைக் அடித்தது. பிக்ஃபோர்டு பிடித்தார்.
79 – சாகா கோல். ஆஃப்சைடு, செல்லாது.
81 – கேன், ஃபோடன் வெளியே. வாட்கின்ஸ், பால்மர் உள்ளே.
91 – வாட்கின்ஸ். கோல்.

"அநியாயமாக", "கொஞ்சத்தில்", "ஐயோ" ஆகிய மூன்று சொற்களும் சிட்டையில் வரக் கூடாது. வந்தால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். நான் முதலில் 18ஆவது நிமிடத்துக்கு நேரே நடுவரைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதைக் கிழித்துத்தான் போட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடுங்கள். வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் இருந்தால் நல்லது. துவையல் நன்றாக உறைக்க வேண்டும். கண்ணில் நீர் வந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்ல முடியும்.

பிறகு வேலைக்குப் போங்கள். எனக்கு அன்று மாதத்தின் 11ஆம் தேதி. வணிகர்களின் விற்பனை விவரத்தை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றக் கடைசி நாள். ஒன்பது கடைகளின் பட்டியல் மேசையில் கிடந்தது. தோல்விக்கு மறுநாள் கடைசித் தேதி உள்ள ஒரு வேலை அமைவது பெரிய கொடுப்பினை. விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பகல் முழுக்க அந்த ஒரு கோலை நாற்பது முறை பார்த்தார்கள்.

தெருவில் கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள். "நன்றாக ஆடினார்கள், தோற்றார்கள்" என்பது என்னுடையது. விளக்கப் போகாதீர்கள். காற்பந்து பார்க்காதவர்களிடம் ஆஃப்சைடை விளக்கத் தொடங்கினால் தோல்வி இரண்டாகும். 2022 டிசம்பரில் அர்ஜெண்டினாவிடம் பெனால்டியில் தோற்ற மறுநாள் எங்கள் அணியின் ஆரஞ்சுச் சட்டையோடு, சவரம் செய்யாத முகத்தோடு கடைவீதிக்குப் போனேன். கார்த்திகை மாதம். பாத்திரக்கடை அண்ணன் கும்பிட்டு, "எப்போது சாமி மாலை போட்டீர்கள்?" என்றார். "நேற்று இரவு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் காணிக்கை என்று கொடுத்த 101 ரூபாயைப் பக்கத்து வீட்டுக் குருசாமியிடம் சேர்ப்பித்தேன்.

ஒத்துப் பார்த்தல்

இரண்டாம் நாள் மாலை ஆட்டத்தை மறுபடி முழுதாகப் பாருங்கள். சிறு துண்டுகளாகத் தொகுத்து வருவதைப் பார்க்கக் கூடாது. அவை கோலையும் கண்ணீரையும் மட்டும் காட்டும். முழு ஆட்டத்தையும் சத்தம் இல்லாமல், சிட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். விட்டுப்போன பதிவுகளைச் சேருங்கள். தவறாக எழுதியதைத் திருத்துங்கள். கடைக் கணக்கில் ரசீதையும் சிட்டையையும் ஒத்துப் பார்ப்பது மாதிரிதான் இதுவும்.

இப்படிப் பார்க்கும்போது ஒன்று தெரியும். நீங்கள் நினைத்த ஆட்டம் வேறு, நடந்த ஆட்டம் வேறு. நாங்கள் இரண்டாம் பாதி முழுக்க அழுத்திக்கொண்டிருந்தோம் என்று நான் யாரிடமும் சத்தியம் செய்திருப்பேன். மறுபடி பார்த்தபோது அப்படி அழுத்தியது இடையில் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரத்தில் இரண்டு அணிகளுமே பயந்துபோய் பந்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தன.

பேரேடு

மூன்றாம் நாள் உட்கார்ந்து வகை பிரிக்க வேண்டும். இரண்டு பேரேட்டுப் பக்கம் திறங்கள். ஒன்று அதிர்ஷ்டக் கணக்கு, மற்றது ஆட்டக் கணக்கு. இரண்டிலும் நடுவில் கோடு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. சிட்டையில் உள்ள ஒவ்வொரு வரியும் இந்த நான்கு இடங்களில் ஓரிடத்துக்குப் போக வேண்டும்.

எங்கே தடுமாறுவோம் என்று சொல்கிறேன். நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தை ஆட்டக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வோம். எதிரணியின் திறமையை அதிர்ஷ்டக் கணக்கில் பற்று எழுதுவோம். கடை முதலாளிகளும் இதையேதான் செய்கிறார்கள். லாபம் வந்தால் தன் சாமர்த்தியம், நஷ்டம் வந்தால் காலம் சரியில்லை.

அந்த அரையிறுதியை நான் பிரித்த விதம் இது. டிபாயின் காயம், கம்பத்தில் பட்ட டம்ஃபிரீஸின் பந்து, அந்தப் பெனால்டி: மூன்றும் அதிர்ஷ்டக் கணக்கில் பற்று. கேன் ஏற்கெனவே பந்தை மேலே அடித்துவிட்டார், அதன் பிறகுதான் கால் பட்டது; பல ஆட்டங்களில் இதை விட்டுவிடுவார்கள். சரி, பற்று எழுதியாயிற்று. இப்போது இடப்பக்கம். ஃபோடனின் பந்தும் கம்பத்தில் பட்டது. அது நமக்கு வரவு. கம்பம் என்ன ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்ததா? அடுத்து சாகாவின் கோல். பந்தைக் கொடுத்த வாக்கர் சற்று முந்தி நின்றுவிட்டார். அதுவும் வரவு. மூன்றுக்கு இரண்டு.

டம்ஃபிரீஸுக்குத் தனிப் பக்கமே போட வேண்டும். பெனால்டி கொடுத்தவர் அவர். ஐந்து நிமிடம் கழித்துக் கோட்டின் மேல் நின்று ஒரு கோலைத் தடுத்தவரும் அவர். ஏழு நிமிடம் கழித்துக் கம்பத்தில் முட்டியவரும் அவர். ஊரில் எல்லோரும் பெனால்டியை மட்டும் எழுதி அவரைக் கடனாளி ஆக்கினார்கள். என் பேரேட்டில் அவர் கணக்கு நேராகிவிட்டது.

வாட்கின்ஸின் கோலை எங்கே வைப்பது? அன்று இரவு எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதை அதிர்ஷ்டத்தில் சேர்க்க வழியில்லை. பத்து நிமிடம் முன்பு உள்ளே வந்தவர். கோலுக்கு முதுகு காட்டி நின்றவர். திரும்பி, இடமே இல்லாத கோணத்திலிருந்து தூர மூலைக்கு அடித்தார். ஆட்டக் கணக்கில் பற்று. அவரையும் பால்மரையும் சேர்த்து இறக்கிய பயிற்சியாளரின் முடிவும் அங்கேதான். அதைப் பேனாவால் எழுதியபோது கை வலித்தது. எழுதி முடித்ததும் வலி குறைந்தது. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது.

இதில் ஐயாவின் இன்னொரு விதியையும் சொல்லிவிட வேண்டும். வராத பணத்தை வரவில் எழுதாதே. "அது மட்டும் உள்ளே போயிருந்தால்" என்ற வாக்கியத்துக்குப் பேரேட்டில் இடமே கிடையாது. கம்பத்தில் பட்டது கம்பத்தில் பட்டதுதான். அது உள்ளே போயிருந்தால் ஆட்டத்தின் மீதி வேறாகியிருக்கும். 7ஆவது நிமிட கோலுக்குப் பிறகு இங்கிலாந்து எப்படி எழுந்து வந்தது என்று நீங்கள்தான் பார்த்தீர்களே.

வராக்கடன்

பழைய தோல்விகளை மூடாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. 2010 உலகக் கோப்பை இறுதி, ஜோகன்னஸ்பர்க். தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டமும், போட்டியில் ஆறு ஆட்டமும் தொடர்ந்து வென்று இறுதிக்கு வந்த அணி, ஸ்பெயினிடம் 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா அடித்த ஒரே கோலில் தோற்றது. அந்தக் கோலுக்குச் சற்று முன்னால் எங்கள் ஸ்னைடரின் ஃப்ரீ கிக் சுவராக நின்றவர்கள் மேல் பட்டு வெளியே போனது. எங்களுக்குக் கார்னர் கிடைத்திருக்க வேண்டும். ஸ்பெயினுக்குக் கோல் கிக் கொடுக்கப்பட்டது. பந்து அந்தப் பக்கம் போய், கடைசியில் வலைக்குள் விழுந்தது. அந்தக் கார்னருக்காக நான் 14 ஆண்டு வட்டி கட்டினேன். கூட்டு வட்டி. ஒவ்வோர் ஆண்டும் அசலோடு கொஞ்சம் கோபம் சேர்ந்துகொண்டே போனது.

2024இல் அரையிறுதிக் கணக்கை முடித்த கையோடு 2010க்கும் பேரேடு திறந்தேன். கார்னர், பற்று. எங்கள் ரோபன் 62ஆவது நிமிடத்தில் தனியாக ஓடிப்போய் அடித்ததை ஸ்பெயின் கோல்காப்பாளர் காசியாஸ் விழுந்துகொண்டே காலால் தட்டியதை இத்தனை ஆண்டுகள் துரதிர்ஷ்டம் என்றே சொல்லிவந்தேன். இப்போது ஆட்டக் கணக்குக்கு மாற்றினேன். பிறகு 28ஆவது நிமிடம். எங்கள் டி யோங் காலைத் தூக்கி ஸ்பெயினின் ஷாபி அலோன்சோவின் நெஞ்சில் உதைத்தார். மஞ்சள் அட்டையோடு போயிற்று. சிவப்பு காட்டியிருந்தால் மீதி ஆட்டம் முழுக்க பத்துப் பேரோடு ஆடியிருக்க வேண்டும். அதை இடப்பக்கம் வரவு என்று எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. மை காய்ந்ததும் அந்தக் கார்னர் சிறுத்துப் போய்விட்டது.

மற்றவற்றை விரைவாகவே முடித்துவிட்டேன். 2014 அரையிறுதியில் அர்ஜெண்டினாவிடம் பெனால்டியில் தோற்றது, கைமுதல் தீர்ந்த கணக்கு. அதற்கு முந்தைய ஆட்டத்தில் பெனால்டிக்கென்றே கடைசி நிமிடத்தில் கோல்காப்பாளர் க்ருல்லை இறக்கி, கோஸ்டா ரிக்காவை வென்றார் எங்கள் பயிற்சியாளர் வான் ஹால். அரையிறுதியில் மூன்று மாற்று ஆட்டக்காரர்களையும் முன்பே இறக்கிச் செலவழித்துவிட்டார். பெட்டியில் பணம் இல்லாதபோது யாரைக் குறை சொல்வது?

2000 யூரோ அரையிறுதிக்குப் பேரேடே தேவைப்படவில்லை. ஆம்ஸ்டர்டாமில், சொந்த ஊரில், இத்தாலி 34ஆவது நிமிடத்திலிருந்து பத்துப் பேரோடு ஆடியது. எங்களுக்கு ஆட்டத்துக்குள் இரண்டு பெனால்டி, பிறகு நான்கு. ஆறில் ஒன்றுதான் உள்ளே போனது. ஒரே வரி எழுதிக் கோடு போட்டுவிட்டேன். திவால்.

மூடுவது

எல்லாப் பதிவும் முடிந்ததும் இருப்பைக் கட்டி, இரட்டைக் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். அதிர்ஷ்டக் கணக்கில் நிஜமாகவே நமக்குப் பாக்கி வர வேண்டியிருந்தால் அதை மறைக்க வேண்டாம், எழுதுங்கள். அரையிறுதியில் எனக்கு ஒன்று பாக்கி நின்றது. ஒன்றுதான். அன்று இரவு ஒரு நூறு பாக்கி போலத் தோன்றியது. நோட்டைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஐயாவின் மோல்மேன் பேரேடுகள் இருக்கிற மரப்பெட்டியில் என் நோட்டுகளும் கிடக்கின்றன. அவருடையவற்றில் வராமலே போன பாக்கி நிறைய உண்டு. அங்கேயும் அடியில் இரட்டைக் கோடு இருக்கிறது.

கோடு போட்ட பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் பேசலாம், சிரிக்கலாம். ஆனால் நோட்டைத் திறக்கக் கூடாது.

நான் சனிக்கிழமை கோடு போட்டேன். திங்கட்கிழமை அதிகாலை பெர்லினில் இங்கிலாந்து ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்றது. 86ஆவது நிமிடத்தில் ஓயர்ஸபால் அடித்த கோல்; பிறகு இங்கிலாந்தின் கெயி தலையால் முட்டியதை ஸ்பெயினின் ஓல்மோ கோட்டில் நின்று தலையாலேயே வெளியே தள்ளினார். நான் மாப்பிள்ளைக்குச் செய்தி எதுவும் அனுப்பவில்லை. கைப்பேசி அரிசிப் பானையில் இருந்தது.

காலை ஏழு மணிக்கு அவரே அழைத்தார். குரல் கம்மியிருந்தது.

"மாமா, உங்கள் முறைப்படி எழுதலாம் என்று நோட்டு வாங்கிவிட்டேன். சிட்டையும் எழுதிவிட்டேன்."

"நல்லது மாப்பிள்ளை. பணியாரம் சாப்பிட்டீர்களா?"

"இங்கே ஏது மாமா? ஒரு சந்தேகம். பேரேட்டில் முதல் வரி என்ன எழுத வேண்டும்?"

"தொடக்க இருப்பு. போன ஆட்டத்திலிருந்து கொண்டுவந்தது."

"போன ஆட்டத்திலிருந்து என்ன கொண்டுவந்தோம்?"

"18ஆவது நிமிடத்தில் ஒரு பெனால்டி."

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "எந்தப் பக்கம் எழுத வேண்டும், மாமா?" என்றார்.

"இடப்பக்கம்" என்றேன்.